கம்ப்யூட்டரை முதலில் எடைமேடையில் வையுங்கள்

ஆத்தூர் பக்கத்திலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன்.

"அப்பா 28 வருஷமாக சேகோ (ஜவ்வரிசி) பேக்டரி நடத்துகிறார். சீசனில் ஒரு நாளைக்கு 40 டன் மரவள்ளிக் கிழங்கு ஓடும். நான் பெங்களூரில் ஆறு வருஷம் ஐடியில் இருந்தேன். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு ஊரோடு வந்துவிட்டேன். இங்கே எல்லாமே நோட்டும் கார்பன் ஸ்லிப்பும்தான். டேலி என்கிற கணக்கு சாப்ட்வேர் இருக்கிறது, ஆனால் மாசம் ஒரு தடவை பில் கட்டு ஆடிட்டர் ஆபீசுக்குப் போன பிறகுதான் அதில் ஏறும். போன வருஷம் லாபமா நஷ்டமா என்பது இந்த வருஷம் செப்டம்பரில் ஆடிட்டர் சொன்னால்தான் எங்களுக்கே தெரியும். ஒரு கம்பெனிக்காரர்கள் கொள்முதல், உற்பத்தி, விற்பனை, சம்பளம் எல்லாவற்றையும் ஒரே சாப்ட்வேரில் கொண்டுவருகிறோம் என்று 18 லட்சம் கேட்கிறார்கள், வருஷா வருஷம் கட்டணம் தனி. அப்பா 'கம்ப்யூட்டர் வந்து கிழங்கு உரிக்குமா?' என்கிறார். 22 வருஷமாக இருக்கும் கணக்குப்பிள்ளை மாமா, அது வந்தால் நான் நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். வாங்கலாமா வேண்டாமா? வாங்கினால் எங்கே ஆரம்பிப்பது?"

அன்புள்ள தங்கைக்கு,

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த சீசனுக்கு அந்த 18 லட்சம் வேண்டாம். ஆனால் கம்ப்யூட்டர் வேண்டும், இந்த சீசனுக்குள்ளேயே வேண்டும். அதை வைக்க வேண்டிய இடம் ஆபீஸ் அறையில் கணக்குப்பிள்ளை மேஜை இல்லை, கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற எடைமேடை.

ஏன் என்று சொல்கிறேன். நான் சேலத்தில் காஸ்ட் அக்கவுண்டன்டாக இருக்கிறேன், ஆத்தூர், நாமக்கல், ராசிபுரம் பக்கத்து பேக்டரிகள் பலவற்றுக்குப் போய்வருகிறேன். உங்கள் தொழிலில் செலவில் பெரும்பகுதி கிழங்குதான். கூலி, கரண்ட், சாக்கு, வண்டி வாடகை எல்லாம் சேர்ந்தாலும் கிழங்குக்குப் பக்கத்தில் வராது. அந்தக் கிழங்கை என்ன விலைக்கு வாங்கினோம் என்பது தீர்மானமாவது எடைமேடையில் நிற்கும் அந்தப் பத்து நிமிஷத்தில். எத்தனை டன், எத்தனை பாயிண்ட், பாயிண்டுக்கு என்ன விலை, மண்ணுக்கும் தண்டுக்கும் எவ்வளவு கழிவு. இந்த நான்கும் முடிந்ததும் லாரி உள்ளே போய்விடுகிறது. அதற்குப் பிறகு நீங்கள் ஆபீசில் உட்கார்ந்து எவ்வளவு அழகாகக் கணக்கு எழுதினாலும் அந்த லோடில் வந்த நஷ்டத்தைத் திருப்ப முடியாது.

நீங்கள் தொழிலுக்குப் புதிது, இதை வாசிக்கும் மற்றவர்களில் பலருக்கும் தெரிந்திருக்காது, அதனால் பாயிண்ட் பற்றி இரண்டு வரி. கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்பதுதான் பாயிண்ட். மாவு அதிகமுள்ள கிழங்கு அடர்த்தியானது, தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போட்டால் எடை கூடுதலாகக் காட்டும். அதை வைத்து 26, 27, 28 என்று சொல்கிறார்கள். ஒரே ஊர், ஒரே வாரம், இரண்டு லாரி, இரண்டுக்கும் நடுவில் மூன்று பாயிண்ட் வித்தியாசம் சர்வசாதாரணமாக வரும். முள்ளுவாடிக்கு ஒரு மாதிரி, வெள்ளைத் தாய்லாந்துக்கு ஒரு மாதிரி, ஏத்தாப்பூர் ரகத்துக்கு வேறு மாதிரி. கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிற கிழங்கும் கிணற்றுப் பாசனத்தில் விளைந்த கிழங்கும் ஒன்றாக இருக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளைக்கு 40 டன், 150 நாள் ஓட்டம் என்றால் சீசனுக்கு 6,000 டன் கிழங்கு. நூறு கிலோ கிழங்குக்கு வரவேண்டிய ஜவ்வரிசியில் ஒரே ஒரு கிலோ குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாயிண்ட் பார்த்ததில் தவறு நடந்திருக்கலாம், அரைத்ததில் மாவு திப்பியோடு, அதாவது சக்கையோடு, போயிருக்கலாம், லாரி வெயிலில் இரண்டு நாள் நின்றிருக்கலாம். சீசன் முடிவில் 60 டன் காணாமல் போயிருக்கும். 90 கிலோ மூட்டையில் 666 மூட்டை. கிலோ 40 ரூபாய் என்று வைத்தாலும் 24 லட்சம். உங்களிடம் கேட்கும் 18 லட்சத்தை விட அதிகம். இந்த 24 லட்சம் உங்கள் பேக்டரியில் இப்போது இருக்கிறதா, போய்க்கொண்டிருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு ஒரு அனுமானம் இருக்கும், மேஸ்திரிக்கு வேறு அனுமானம் இருக்கும். ஆடிட்டர் செப்டம்பரில் தருகிற லாப நட்டக் கணக்கில் 'கொள்முதல்' என்று ஒரே வரியில் கோடிக்கணக்கில் ஒரு தொகை நிற்கும். அந்த ஒரு வரிக்குள்தான் உங்கள் தொழிலே இருக்கிறது.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பேக்டரிக்குக் கூப்பிட்டார்கள், பெயர் வேண்டாம். உங்களுக்குச் சொன்ன மாதிரியே எல்லாம் அடங்கிய பெரிய சாப்ட்வேர் வாங்கிப் போட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. சாப்ட்வேர் காட்டின இருப்பை விட குடோனில் 212 மூட்டை குறைவு. யாரோ திருடிவிட்டார்கள் என்று சண்டை, வாட்ச்மேனை நிறுத்தியே விட்டார்கள். நான் மூன்று நாள் அங்கே உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் ஆபீசில். இரண்டாம் நாள் ஜவ்வரிசி காயவைக்கும் களத்தில். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பையன் வந்தான், மேஸ்திரியிடம் "அண்ணே, இன்னிக்கு எத்தனை தேறும்?" என்று கேட்டான், மேஸ்திரி களத்தில் பரப்பிக் கிடந்ததை ஒரு பார்வை பார்த்துவிட்டு "நூத்திப்பத்து போட்டுக்கோ" என்றார். பையன் கையில் எழுதிக்கொண்டுபோய் அதையே அன்றைய உற்பத்தி என்று ஏற்றிவிட்டான். காய்ந்து, சலித்து, உடைந்ததும் தூளும் ஒதுங்கி, மூட்டை பிடிக்கும்போது அது 107 ஆகவோ 108 ஆகவோதான் வரும். தினமும் இரண்டு மூட்டை, மூன்று மூட்டை. திருட்டே நடக்கவில்லை. வாட்ச்மேனைத் திரும்பக் கூப்பிட்டார்கள், அவர் வரவில்லை. எனக்கு அது இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது.

சாப்ட்வேரில் குறை இல்லை, அதற்குக் கொடுத்த எண் கண்ணால் பார்த்துச் சொன்ன எண். நோட்டில் அந்த எண் இருந்தவரை எல்லோருக்கும் அது உத்தேசம் என்று தெரிந்திருந்தது, திரையில் ஏறியதும் அதுவே உண்மை ஆகிவிட்டது. நீங்கள் ஐடியில் இருந்தவர், இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பேக்டரிக்குள் வரும்போது அதை மறந்துவிடுவது எளிது, ஏனென்றால் திரையைக் காட்டி விற்கிறவர்கள் களத்துக்கு வந்து நிற்பதில்லை.

சரி, எடைமேடையில் என்ன செய்வது? இப்போது நடப்பதை முதலில் பாருங்கள். லாரி மேலே ஏறும், டிஸ்ப்ளேயில் ஒரு எண் வரும், அதைப் பார்த்து ஒருவர் ஸ்லிப்பில் எழுதுவார். எழுதும்போதே ஒரு தவறு நடக்கலாம். 18,460 என்பது 18,640 ஆகலாம். எடைமேடையின் டிஜிட்டல் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் இழுத்து எண்ணை நேராகக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவர முடியும், பெரும்பாலான பெட்டிகளில் அதற்கான போர்ட் பின்பக்கமே இருக்கும். உங்கள் எடைமேடையைப் போட்டுத்தந்தவர்களையே கேளுங்கள். கையால் எடையைத் தட்ட முடியாதபடி பூட்டிவையுங்கள். லோடு எடை, காலி எடை இரண்டும் நேரத்தோடு பதிவாக வேண்டும். அப்படியே எடைமேடைக்கு வருஷாந்திர முத்திரை போட்டாயிற்றா என்றும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் அதே திரையில் விவசாயி பெயர், ஊர், கைப்பேசி எண், ரகம், பாயிண்ட், கழிவு, விலை, தரகர் யார். கிழங்கு தோண்டிய நாள் என்று ஒரு கட்டம் கட்டாயம் வையுங்கள், பலரும் இதை வைப்பதில்லை. மரவள்ளி தோண்டிய இரண்டு மூன்று நாளிலேயே கெட ஆரம்பித்துவிடும், மாவு இறங்கிவிடும். லாரி உங்கள் கேட்டில் வரிசையில் நிற்கிற நேரமும் அதில் சேர்த்திதான். வந்த நேரமும் தொட்டியில் கொட்டின நேரமும் பதிவானால், ஒரு மாதத்தில் உங்களுக்கே தெரியும், எந்தக் கிழமை எத்தனை மணிநேரம் கிழங்கு வெயிலில் காய்ந்தது என்று. ஒரு பேக்டரியில் இதைப் பார்த்துவிட்டு தரகர்களிடம் பேசி லாரி வரும் நேரத்தைப் பிரித்துவிட்டார்கள், புது மெஷின் எதுவும் வாங்கவில்லை.

எடை முடிந்ததும் அந்த ஸ்லிப் விவசாயியின் வாட்ஸ்அப்புக்குப் போகட்டும். பாயிண்ட் விஷயத்தில் விவசாயிக்கும் பேக்டரிக்கும் எப்போதும் மனக்கசப்பு உண்டு, குறைத்துச் சொல்கிறார்கள் என்று அவர்கள் நினைக்கிறார்கள், சில இடங்களில் அது உண்மையும்கூட. கார்பன் ஸ்லிப்பில் 27 என்று எழுதி அடித்து மேலே 26 என்று திருத்தியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். திருத்தினால் யார், எப்போது, ஏன் திருத்தினார் என்று தடம் இருக்கிற மாதிரி வைத்தால், அது முதலில் உங்களுக்கே காவல். விவசாயி அடுத்த வருஷமும் உங்கள் கேட்டுக்கே வருவதற்கு அதைவிடப் பெரிய விளம்பரம் இல்லை. 2020க்குப் பிறகு மாவுப்பூச்சி இந்தப் பக்கமெல்லாம் பரவி விளைச்சல் அடிவாங்கியபோது, கிழங்குக்கு பேக்டரிகள் அலைந்ததை அப்பாவைக் கேளுங்கள். அந்த மாதிரி வருஷத்தில் விவசாயியின் நம்பிக்கைதான் உங்கள் கச்சாப்பொருள்.

இந்த ஸ்லிப் வருமான வரிக்கும் உதவும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதைச் செலவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், இது பொது விதி. விளைபொருளை விளைவித்த விவசாயிக்கே நேரடியாகக் கொடுத்தால் விலக்கு உண்டு. ஆனால் வாங்கியது வியாபாரியிடம் என்றால் அந்த விலக்கு இல்லை. கார்பன் ஸ்லிப்பில் 'ஆறுமுகம் லோடு' என்று மட்டும் எழுதியிருந்தால், ஆறுமுகம் விளைவித்தவரா வாங்கி விற்றவரா என்பதை மூன்று வருஷம் கழித்து எப்படி நிரூபிப்பீர்கள்? என்னைக் கேட்டால் இனிமேல் எல்லாருக்கும் பேங்க் வழியாகவே அனுப்புங்கள், ரொக்கம்தான் வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் விவரத்தோடு வவுச்சர்.

எடைமேடை நிலைபெற ஒரு மாதம் ஆகும். அதற்குப் பிறகு இரண்டாவது இடம், மூட்டை பிடிக்கும் தராசு. களத்தில் காய்கிறதை எண்ணாதீர்கள். சாக்கு தைத்து தராசில் ஏறி இறங்கியதுதான் உற்பத்தி. நடுவில் தொட்டியில் கிடக்கும் ஈரமாவை வாரத்துக்கு ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் என்று வையுங்களேன், தொட்டியின் ஆழத்தை அளந்து குறித்துக்கொண்டால் போதும். உள்ளே போன கிழங்கும் பாயிண்டும் ஒருபக்கம், வெளியே வந்த ஜவ்வரிசி, மாவு, திப்பி ஒருபக்கம், தொட்டியில் நிற்பது ஒருபக்கம். இந்த மூன்றையும் வைத்து வாரா வாரம் நூறு கிலோவுக்கு எத்தனை கிலோ என்று ஒரு எண் எடுத்துவிடலாம். அந்த எண் போன வாரத்தை விடக் குறைந்தால், ஏன் என்று அந்த வாரத்திலேயே தேடலாம். செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டாம். இதற்கெல்லாம் 18 லட்சம் ஆகாது. இப்போது இருக்கும் டேலியும், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த எக்செல்லும், எடைமேடைக்கான ஒரு சின்ன மென்பொருளும் முதல் சீசனுக்குப் போதும்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவர் கேட்ட கேள்வியை நீங்கள் கேலியாக எடுத்துக்கொண்டிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள், அது மிகச் சரியான கேள்வி. கிழங்கு வாங்குவதிலும் ஜவ்வரிசி விற்பதிலும் இந்தக் கம்ப்யூட்டர் எனக்கு என்ன செய்யும் என்றுதான் கேட்கிறார். அவருடைய சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும், கட்டாயம் இருக்கும், இந்தத் தலைமுறை பேக்டரிக்காரர்கள் எல்லாரிடமும் பார்த்திருக்கிறேன். ஒருநாள் சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து, "அப்பா, இதில் என்னென்ன எழுதுறீங்க, ஏன் எழுதுறீங்கன்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். இன்றைய பாயிண்ட் விலை, ஜாகிர் அம்மாபாளையத்தில் சேகோசர்வ் (உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கம்) விற்பனையில் மூட்டை என்ன விலைக்குப் போனது, நம் குடோனில் எத்தனை, சேகோசர்வ் குடோனில் எத்தனை, யாருக்குப் பணம் கொடுக்கணும், யாரிடமிருந்து வரணும், பேங்க்கில் சிசி (கேஷ் கிரெடிட் கடன்) எவ்வளவு மிச்சம். இதுதான் இருக்கும். உங்கள் சிஸ்டத்தின் முதல் திரை அந்த நோட்டின் ஒரு பக்கம் மாதிரியே இருக்கட்டும், அதே வரிசையில், தமிழில், அவர் கண்ணாடி இல்லாமல் படிக்கிற பெரிய எழுத்தில். தினமும் காலை ஆறரைக்கு அவர் போனுக்கு வரட்டும். அவர் 28 வருஷமாக மனதில் போட்டுவந்த கணக்கு அதில் சரியாக வந்திருக்கிறதா என்று அவரே சரிபார்ப்பார், தவறு இருந்தால் திட்டுவார். திட்ட ஆரம்பித்துவிட்டார் என்றால் பயன்படுத்துகிறார் என்று அர்த்தம்.

நோட்டில் இல்லாத ஒன்றை நீங்கள் சேர்க்கலாம். இன்றைக்கு இருக்கும் சரக்கு நமக்கு மூட்டை என்ன விலைக்கு அடங்கியிருக்கிறது? நவம்பரில் வாங்கின கிழங்கின் சரக்கும் பிப்ரவரியில் வாங்கினதன் சரக்கும் அடக்கவிலையில் வேறு வேறு. மகாராஷ்டிரா, குஜராத் பக்கம் ஜவ்வரிசி விரதச் சாப்பாடு, நவராத்திரிக்கும் சிவராத்திரிக்கும் முன்னால் தேவை கூடும், அதற்காகச் சரக்கை வைத்திருப்பதா, இன்றைக்கே விற்றுக் கடனை அடைப்பதா என்பதுதான் வருஷா வருஷம் அப்பா எடுக்கிற பெரிய முடிவு. வைத்திருக்கிற ஒவ்வொரு மாதமும் மூட்டைக்கு வட்டி எத்தனை ரூபாய் ஏறுகிறது என்பதை அந்தத் திரையில் ஒரு ஓரத்தில் காட்டுங்கள். முடிவை அவரே எடுக்கட்டும்.

கணக்குப்பிள்ளை மாமாவைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள், எனக்கு அதுதான் கடிதத்திலேயே பாரமான வரி. 22 வருஷம் ஒருவர் உங்கள் கல்லாவுக்குக் காவலாக இருந்திருக்கிறார். யார் கடன் சொன்னால் கொடுப்பார், எந்தத் தரகரின் லோடில் மண் அதிகம் இருக்கும், எந்த வருஷம் எந்த வியாபாரி ஏமாற்றினார் என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கிறது, எந்த சாப்ட்வேரிலும் இல்லை. அவர் பயப்படுவது வேலை போய்விடும் என்று மட்டும் இருக்காது. இத்தனை நாள் மதிப்பாக இருந்த இடத்தில் கீபோர்டில் ஒரு விரலால் தட்டிக்கொண்டு ஒரு சின்னப் பையனிடம் கேட்டு நிற்க வேண்டியிருக்குமே என்ற பயம் அது. அவரைத் தட்டச்சு செய்ய வைக்காதீர்கள். எண்ணை ஏற்றுவது எடைமேடைப் பையன், அதைச் சரி என்று ஒப்புதல் கொடுப்பது மாமா. அவர் 'சரி' போடாமல் எந்த விவசாயிக்கும் பணம் போகக் கூடாது. இப்படி வைத்தால் அவருடைய அதிகாரம் கூடுகிறதே தவிர குறையவில்லை, உங்களுக்கும் ஒருவர் ஏற்ற இன்னொருவர் சரிபார்க்கிற கட்டுப்பாடு கிடைக்கிறது. முதல் இரண்டு மாதம் நோட்டும் எழுதட்டும், கம்ப்யூட்டரும் ஓடட்டும். ராத்திரி இரண்டையும் ஒப்பிடுங்கள். எங்கள் அனுபவத்தில் ஆரம்பத்தில் நோட்டுதான் சரியாக இருக்கும். அதை அவர் முன்னால் ஒப்புக்கொள்ளுங்கள், "மாமா, உங்க நோட்டுதான் சரி" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் மதிப்பு அதிகம்.

பணம் வரவேண்டிய பக்கம். உங்கள் விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் இருக்கும், ஆகவே 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம், ஆடிட்டர் ஆபீசே போட்டுக்கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன். 10 கோடியைத் தாண்டியிருந்தால் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் அரசின் இ-இன்வாய்ஸ் போர்ட்டலில் ஏற்ற வேண்டும், 2025 ஏப்ரலில் இருந்து அப்படி. மாதம் ஒருமுறை பில் கட்டு போகிற உங்கள் வழக்கத்துக்கு இது ஆபத்தான இடம். சரக்கு கிளம்பும்போதே பேக்டரியில் பில் போட வேண்டும், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, இருக்கிறதா என்று பாருங்கள். இயந்திர முதலீடு 25 கோடிக்குள், விற்றுமுதல் 100 கோடிக்குள் என்றால் நீங்கள் சிறு நிறுவனம். சிறு உற்பத்தியாளரிடம் வாங்கியவர், ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும். தவறினால் பணம் கொடுத்த வருஷத்தில்தான் அவருக்கு அது செலவாகும், 2023-24 நிதியாண்டிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. மார்ச் மாதத்தில் வடக்கத்தி வியாபாரியிடம் பாக்கி கேட்கும்போது இதை நினைவுபடுத்தினால் வேலை செய்கிறது. ஆனால் அதற்கு எந்த பில் எத்தனை நாளாக நிற்கிறது என்று ஒரு பட்டியல் உங்கள் கையில் இருக்க வேண்டும், அதோடு பில்லில் உத்யம் எண் அச்சாகியிருக்க வேண்டும். டேலியில் பாக்கிப் பட்டியலை நாள் கணக்கோடு எடுக்கலாம், பில் வாரியாக ஏற்றியிருந்தால் மட்டும். மொத்தமாக 'வரவு ஐந்து லட்சம்' என்று போட்டால் அது எந்த பில்லுக்கு என்று தெரியாது. இதையும் மாமாவிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியும்.

பேங்க்குக்கு மாதாமாதம் கொடுக்கிற ஸ்டாக் ஸ்டேட்மென்ட் (சரக்கு இருப்புப் பட்டியல்) யார் தயாரிக்கிறார்கள்? பல இடங்களில் சிசி லிமிட்டுக்குத் தகுந்த மாதிரி பின்பக்கமாகக் கணக்குப்போட்டு எழுதுகிறார்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். இன்றைக்கு பேங்க் உங்கள் ஜிஎஸ்டி ரிட்டர்னையும் ஸ்டேட்மென்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. தராசிலிருந்து வருகிற உண்மையான இருப்பைக் கொடுங்கள். லிமிட் போதவில்லை என்றால் அந்த எண்களைக் காட்டியே கூட்டிக் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை, இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பணத்தை பேங்க் வழியாக மாற்றுகிற நாளில் திருட்டும் வழி மாற்றிக்கொண்டு வரும். நெட் பேங்கிங் பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டிவைத்திருப்பார்கள், ஓடிபி அப்பா போனுக்கு வரும், கேட்டால் அவர் போனிலேயே படித்துச் சொல்லிவிடுவார். பேங்க்கில் கேட்டு ஏற்றுபவருக்கு ஒரு ஐடி, ஒப்புதல் தருபவருக்கு ஒரு ஐடி என்று பிரித்து வாங்குங்கள். விவசாயியின் அக்கவுண்ட் எண் மாறிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், பழைய எண்ணுக்குக் கூப்பிட்டுக் குரலைக் கேட்காமல் மாற்றக் கூடாது. ஏதாவது நடந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் நிற்க வாய்ப்பு உண்டு. டேட்டாவைத் தினமும் ஒரு பிரதி எடுத்து, வாரத்துக்கு ஒன்று பேக்டரிக்கு வெளியே, உங்கள் வீட்டில், கம்ப்யூட்டரோடு இணைக்காமல் வையுங்கள். மாதத்தில் ஒருநாள் அந்தப் பிரதியைத் திறந்து பாருங்கள், திறக்கிறதா என்று.

அந்த 18 லட்சம் கம்பெனிக்காரர்களிடம் சண்டை போட வேண்டாம், கதவையும் மூட வேண்டாம். ஒரு சீசன் முடியட்டும் என்று சொல்லுங்கள். அடுத்த வருஷம் அவர்களோடு பேசும்போது உங்கள் கையில் உங்கள் பேக்டரியின் ஒரு சீசன் எண்கள் இருக்கும், எதற்கு சாப்ட்வேர் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று நீங்களே சொல்வீர்கள். அப்போது கேட்க வேண்டியவை: எடையும் பாயிண்ட்டும் வைத்துக் கொள்முதல் செய்கிற ஒரு பேக்டரியில் உங்கள் சாப்ட்வேர் ஓடுவதை நேரில் காட்டுவீர்களா? நெட் இல்லாத நேரத்தில் எடைமேடை நின்றுபோகுமா? நாங்கள் விலகினால் எங்கள் டேட்டாவை எக்செல்லில் முழுதாகத் தருவீர்களா, அதை ஒப்பந்தத்தில் எழுதுவீர்களா? மூன்றாவது கேள்விக்கு நேரடி பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல், ஒவ்வொரு பகுதியும் ஓடிய பிறகு ஒவ்வொரு தவணை.

இப்போது கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை கூட்டம் சேலத்தில். உங்கள் பக்கம் கிழங்கு முழுவீச்சில் வர இன்னும் ஆறேழு வாரம் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த வாரம் எடைமேடைக்காரரைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த வாரம் அப்பாவின் நோட்டு. மாமாவிடம் பேசுவதை அதற்கும் முன்னால், முடிந்தால் நாளைக்கே செய்யுங்கள், ஆபீசில் வேண்டாம், அவர் வீட்டுக்குப் போய். போன சீசனின் பழைய ஸ்லிப் புத்தகம் ஒன்று, எந்த மாதத்தினுடையதாக இருந்தாலும் சரி, ஐம்பது பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எடைமேடைத் திரையில் என்னென்ன கட்டம் வேண்டும் என்று அதைப் பார்த்து எழுதி அனுப்புகிறேன்.